மீள்வாசிப்புப் பதிவேடு

மனித குலம் சுதந்திரத்துக்காக என்னென்னவோ செய்திருக்கிறது. சிறைக்குப் போயிருக்கிறது, கொடி பிடித்திருக்கிறது, மைக் கிடைத்த இடமெல்லாம் நீளமாகப் பேசியிருக்கிறது. ஆனால் சுதந்திரத்துக்கு ஒரு பதிவேடு போட்டு, வரிசை எண் கொடுத்து, கடைசிப் பத்தியில் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற ஞானம் முதன்முதலில் உதித்தது எங்கள் ஜாஸ் குழுவுக்குத்தான். அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. அதனால் இதை ஒரே ஒரு தடவைதான் சொல்வேன், கொஞ்சம் விரிவாக.

எனக்குச் சங்கீதம் தெரியாது. அந்தப் பதவிக்கு அதுதான் முதல் தகுதி. இரண்டாவது தகுதி, முப்பத்து நான்கு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் ஒப்பிடுகிற வேலையில் இருந்தது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். கமாவில் இருந்து அடித்தல் திருத்தல் வரை இரண்டும் ஒத்துப்போனால் அடியில் ‘ஒப்பிட்டேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த விரல் என்னுடையது.

வேலையில் இருந்து ஓய்வு கொடுத்தார்கள். விரலுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. வீட்டில் மகள் எழுதிய கடைச் சீட்டையும் வந்து இறங்கிய சாமான்களையும் ஒப்பிட்டேன். வானிலை அறிக்கையையும் வானத்தையும் ஒப்பிட்டேன். ஒருநாள் மகள் தன் சிநேகிதியிடம் போனில் சொன்ன சம்பவத்தை, அதே சம்பவத்தை அவள் காலையில் என்னிடம் சொன்னதோடு ஒப்பிட்டு, இரண்டு இடத்தில் மாறுபாடு இருப்பதைச் சிநேகிதிக்கும் கேட்கிற மாதிரி சுட்டிக்காட்டினேன். அன்று சாயங்காலம் அவள் தன் கணவரிடம் சொன்னது சமையலறைச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

“வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போறப்ப அப்பாவையும் கூட்டிட்டுப் போயிடுங்க. எங்கயாவது ஒரு மூலையில உக்கார வைங்க. கையில ஒரு பேனாவைக் குடுத்தாப் போதும், தொந்தரவு பண்ண மாட்டார்.”

மாப்பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குப் பல் செட் செய்கிற வேலை. டாக்டர்கள் அனுப்புகிற மெழுகு அச்சை வாங்கி, பிளாஸ்டர் ஊற்றி, ஊர்ப்பட்ட ஆட்களின் வாயை மேஜைமேல் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, காலை ஒன்பதில் இருந்து அரம் பிடிப்பவர். என் வாயில் இருப்பதும் அவர் கைவேலைதான். அவ்வளவு வாய்களோடு பழகியதாலோ என்னவோ, அவர் தன் வாயைத் திறப்பதே அபூர்வம். வாரத்தில் ஆறு நாள் “ம்”, “சரி”, “உப்பு” என்ற மூன்று சொற்களில் குடும்பம் நடத்துவார். வியாழக்கிழமை ஒத்திகையில் கிளாரினெட் வாசித்துவிட்டு வந்தால் மட்டும் மனுஷன் பேசுவார். சாப்பிட உட்கார்ந்து, மகளிடம் அந்த வாரத்தில் நடந்ததையெல்லாம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சொல்லித் தீர்ப்பார். மகள் அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் பூராவும் காத்திருப்பாள். ஒத்திகைக்கு விடுமுறை விட்டால் அந்த வாரம் அவள் வாழ்க்கையில் வராத வாரம்.

குழு கூடியது ஒரு டயர் கடையின் மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள், கண் சிமிட்டுகிற ஒரு ட்யூப்லைட், ஜன்னல் வழியாக ஏறி வரும் ரப்பர் வாசனை. வாசிப்பவர்கள் ஏழு பேர். டிரம்ஸ் அடிப்பவர் பகலில் பேக்கரி வைத்திருப்பவர், அதனால் எல்லோருக்கும் அவர் ‘பேக்கரி’. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற பாஸ் என்ற வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நிற்பவர் லிப்ட் மெக்கானிக். அவரும் ஆள் உயரத்துக்கு மேல் என்பதால் ‘ஏணி’. பியானோ வாசித்த அம்மா ஒரு கணக்கு டீச்சர். மற்ற மூவரும் ஊதுகிற வகை. இவர்களுக்கு மேலே இயக்குநர். வெயில் காலத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருப்பார். அதில் இருந்தே அவர் சாதாரணக் கலைஞர் இல்லை என்பது விளங்கிவிடும்.

இயக்குநரின் கொள்கை மகத்தானது. பாதி எழுத்து, பாதி சுதந்திரம். அவர் கையை மூடினால் தாளில் எழுதியிருப்பதை எல்லோரும் அச்சுப் பிசகாமல் வாசிக்க வேண்டும். விரித்தால் நான்கு நிமிடத்துக்குச் சுதந்திரம், அவரவர் மனதில் அந்தக் கணம் தோன்றியதை வாசிக்கலாம். நான்கு நிமிடம் முடிந்ததும் கை மூடும், சுதந்திரம் திரும்பப் பெறப்படும். இவ்வளவு தெளிவான ஏற்பாட்டை நான் எந்த அரசியல் சாசனத்திலும் கண்டதில்லை.

நான் போன முதல் வியாழக்கிழமையே இயக்குநர் மனம் நொந்திருந்தார்.

“சுதந்திரம் குடுத்தா என்ன பண்றீங்க? போன வாரம் வாசிச்சதையே வாசிக்கறீங்க. இது சுதந்திரமா? இது பழக்கம். ஒருத்தர் சுதந்திரமா ஒரு தடவை வாசிச்சதை அவர் மறுபடி வாசிக்கக் கூடாது. இன்னியிலேர்ந்து இது விதி. மூணு தடவை மீறினா ஆளை விடுவிச்சிடுவேன்.”

“யாரு கவனிக்கறது சார்?” என்றார் பேக்கரி. “அடிக்கற சத்தத்துல எனக்கு என் கையே தெரியறதில்ல.”

மூலையில் ஒரு விரல் தானாக உயர்ந்தது. என்னுடையதுதான்.

“உங்களுக்குச் சங்கீதம் தெரியுமா பெரியவரே?”

“சுத்தமாத் தெரியாது சார்.”

“அப்போ பாரபட்சம் இருக்காது,” என்று இயக்குநர் அங்கேயே நியமன ஆணை பிறப்பித்தார். என் பதவிப் பெயர் ‘சுதந்திரக் கண்காணிப்பாளர்’.

ஸ்வரம் தெரியாதவன் எப்படிக் குறித்தேன் என்று கேட்பீர்கள். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினேன். வரிசை எண் ஒன்று, பியானோ: ‘மேஜை இழுப்பறை பாதியில் மாட்டுதல்.’ வரிசை எண் ஏழு, பாஸ்: ‘வயிறு சரியில்லாதவர் மாடி ஏறுதல்.’ வரிசை எண் பன்னிரண்டு, டிரம்ஸ்: ‘படியில் பாத்திரம் உருளுதல்.’ ஒரு மாதத்தில் நூறைத் தாண்டியது. இயக்குநர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். ஜாஸ் இசையைப் பற்றி இவ்வளவு துல்லியமான விமர்சனம் இதுவரை வந்ததில்லை என்றார்.

முதல் மேல்முறையீடு பேக்கரியிடம் இருந்து வந்தது.

“பெரியவரே, நான் மீறலை. போன வாரம் வாசிச்சது படியில பாத்திரம் உருளறது. இது மொட்டை மாடியில உருளறது.”

“என்ன வித்தியாசம்?”

“படியில உருண்டா கீழ போய் நிக்கும். மாடியில எங்க நிக்கும்னு தெரியாது. அந்த பயம் இதுல இருக்கு.”

நேரடி ஆய்வு நடத்தாமல் தீர்ப்புச் சொல்வது என் வழக்கமில்லை. டயர் கடைக்காரரிடம் ஒரு அலுமினிய வாளி வாங்கி, முதலில் படியிலும் பிறகு மொட்டை மாடியிலும் பேக்கரியை வைத்து உருட்டச் சொன்னேன். மாடியில் உருண்ட வாளி உண்மையிலேயே நிற்காமல் போய் பக்கத்துக் கட்டடத்து ஏ.சி. பெட்டிமேல் விழுந்தது. மனு ஏற்கப்பட்டது.

மாப்பிள்ளை விஷயத்தில் இப்படிச் சுலபமாக முடியவில்லை. அவர் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நாலைந்து ஸ்வரம் மேலே ஏறும், தயங்கும், குனியும், மறுபடி ஏறும். நான் அதை ‘வாசலில் ஒற்றைச் செருப்பைத் தேடுதல், வரிசை எண் நூற்றுப் பதினெட்டு’ என்று பதிந்திருந்தேன். அடுத்த வாரமும் அதே செருப்பு. சிவப்பு மையில் ஒரு குறி. அதற்கடுத்த வாரமும். இரண்டாவது குறி.

திரும்பி வரும் பேருந்தில், கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

“மாமா, என்ன எழுதினீங்க?”

“நூற்றுப் பதினெட்டு மாப்பிள்ளை. போன வாரம் வாசிச்ச அதே செருப்பு.”

“அதே இல்லை மாமா.”

“கேக்கறதுக்கு அதே மாதிரிதானே இருந்தது.”

“தேடறது அதேதான். போன வாரம் கிடைச்சுது. இந்த வாரம் கிடைக்கலை.”

நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். செருப்பு கிடைத்ததா இல்லையா என்று குறிக்க அதில் பத்தி இல்லை. பத்தி இல்லாத விஷயம் நடக்காத விஷயம். இதை அவருக்கு அன்பாகவே எடுத்துச் சொன்னேன். அவர் “ம்” என்றார். அது வியாழக்கிழமை. அன்று சாப்பாட்டு மேஜையில் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. மகள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் துணி மடிக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் ஒண்ணு விழுந்தா என்ன ஆகும்ப்பா?”

“குழுவில் இருந்து விடுவிப்பாங்க.”

“அப்புறம் எனக்கு வாரத்துல ஏழு நாளும் ‘உப்பு’தான். நீங்க கொஞ்சம் கண்ணை மூடிக்கக் கூடாதா?”

“இது காதால பாக்கற வேலைம்மா.”

“சரி, காதை மூடிக்குங்க.”

“சொந்த மாப்பிள்ளைக்குச் சலுகை காட்டினா நாளைக்கு என்ன ஆகும் தெரியுமா?”

“உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும்.”

இது லஞ்சம். நான் அதை ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் குழுவில் ஒழுங்கு நாளொரு மேனியாக வளர்ந்தது. எதை வாசித்தாலும் ஏற்கெனவே வாசித்ததாக இருக்குமோ என்று எல்லோரும் பயந்துபோய், ஒத்திகைக்கு முன்பே என்னிடம் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

“பெரியவரே, எனக்கு இன்னும் என்ன பாக்கி இருக்கு?” என்பார் ஏணி.

“உனக்கா? ‘கரண்டு போய் லிப்ட் நடுவில் நிற்றல்’ இருக்கு.”

“அதை நான் தினமும் பாக்கறேன். வேற?”

“‘நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உட்காராமல் இருத்தல்’ இருக்கு. அதை டீச்சரும் கேட்டிருக்காங்க.”

“டீச்சருக்குக் குடுத்துடுங்க. நான் லிப்டையே எடுத்துக்கறேன்.”

இப்படியாக முன்பதிவு வந்தது. முன்பதிவில் இருந்து ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. பட்டியலை நானே புதன்கிழமை ஏழு படி எடுத்து, ஒவ்வொருவர் தாங்கியிலும் தாளோடு தாளாக வைத்துவிடுவேன். வியாழக்கிழமை இயக்குநர் கையை விரித்ததும் எல்லோரும் குனிந்து, அந்தக் கணத்தில் தங்கள் மனதில் என்ன தோன்ற வேண்டும் என்று பட்டியலில் பார்த்து வாசித்தார்கள். இயக்குநருக்குப் பரம திருப்தி. “சுதந்திரம் இவ்வளவு ஒழுங்கா இருந்து நான் பாத்ததே இல்லை,” என்றார். எனக்கும் வேலை குறைந்தது. பதிவேட்டை முதல் நாளே நிரப்பி வைத்துவிட்டு, அன்று ‘டிக்’ மட்டும் அடித்தேன். மாப்பிள்ளைக்கு ‘ஈரத் துணி பிழிதல்’ ஒதுக்கியிருந்தேன். பத்து வாரம் பிழிந்தால் பத்து வித நீளத்தில் பிழியலாம், குறி விழாது. மாமனார் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அவரும் பிழிந்தார். வீட்டிலோ வியாழக்கிழமையும் மற்ற நாட்களைப் போலவே ஆகிவிட்டது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. எழுத்துப் பாகம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாகத்தில் எனக்கு அலுவல் கிடையாது, எழுதி வைத்ததை யாரும் மீற மாட்டார்கள் என்பதால் அதற்குக் கண்காணிப்பும் கிடையாது. நான் பேக்கரி கொடுத்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நீண்ட ஸ்வரம். நாலு கட்டம் ஒழுங்காக ஊதினார். ஐந்தாவதில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் பன்னோடு நிமிர்ந்தேன். ஏணி ஒரு புருவத்தை உயர்த்தி, பாஸை அணைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். பியானோ டீச்சர் தாளைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு ஒரு புதிய வழியைத் திறந்துவிட்டார். இயக்குநரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, கையையும் மூடி, தான் எழுதியதைத் தானே கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார். தான் எழுதியதைக் கேட்பவருக்கு வேறு எதுவும் காதில் விழாதாம்.

அதன்பின் அது வழக்கமானது. கை விரிந்தால் எல்லோரும் பட்டியலைப் பார்த்துக் கட்டுப்பாடாக இருந்தார்கள். மூடினால் அவிழ்த்துவிட்ட கன்றுகளாக ஓடினார்கள். விதி சுதந்திரப் பாகத்துக்கு மட்டும்தான். எனக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் நான் எதைக் குறிக்க?

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, நூலகத்தின் கூடத்தில். ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். எழுத்துப் பாகத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்றார். ஏறினார், தயங்கினார், குனிந்தார். ஏணியும் டீச்சரும் பேக்கரியும் ஆளுக்கு ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு கூடவே தேடினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. முன்வரிசையில் அழுத குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா தட்டுவதை நிறுத்தினார். குழந்தையும் அழுவதை நிறுத்தியது. என் வாய்க்குள் பல் செட் லேசாக ஆடிற்று, செய்தவர் வாசிக்கிறார் என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. கூடம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அப்புறம் இயக்குநர் கையை விரித்தார், துணி பிழியப்பட்டது, லிப்ட் நடுவில் நின்றது, கூடம் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

பேருந்தில் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். பிளாஸ்டர் இறுகும்போது கை சுடுவதைப் பற்றி, ஒரு கிழவருக்குக் கடைவாய்ப் பல் மூன்று தடவை செய்தும் பொருந்தாததைப் பற்றி, நடத்துநரின் சீட்டிச் சத்தத்தைப் பற்றி, வீடு வரை பேசினார். வீட்டுக்குள் போயும் பேசினார். மகள் சாப்பாடு போட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை.

பத்திரிகை விமர்சகர் எழுதினார்: ‘எழுதப்பட்ட பகுதிகளில் கட்டுக்கடங்காத பாய்ச்சல். கட்டற்ற பகுதிகளில் விண்ணப்பப் படிவத்தின் அமைதி.’ இயக்குநர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். நானும் பெருமைப்பட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் கச்சேரியின் ஒலிப்பதிவும் தாள்கட்டும் என் கைக்கு ஒரே நாளில் வந்துசேர்ந்தன. மூலமும் நகலும் பக்கத்தில் பக்கத்தில். முப்பத்து நான்கு வருட விரல் சும்மா இருக்குமா?

சங்கீதம் தெரியாதவனுக்கும் முட்டை முட்டையாகத்தான் தெரியும். தாளில் மாப்பிள்ளைக்குப் பதினாறு கட்டம், கட்டத்துக்கு ஒரு நீண்ட ஸ்வரம், அதற்குக் குறியாக ஒரு வெள்ளை முட்டை. ஒலிப்பதிவில் முதல் நாலு முட்டைக்குப் பிறகு மீதிப் பன்னிரண்டும் பொரிந்து குஞ்சுகள் நாலாபக்கமும் ஓடின. இப்படியே மற்ற ஆறு பேருக்கும் எண்ணி, ‘மூலத்தில் இருந்து மாறுபாடு: இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்’ என்று அறிக்கை எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன்.

வாசித்தார். கழுத்துத் துண்டை ஒரு சுற்று தளர்த்தினார்.

“அப்போ அன்னிக்கு வாசிச்சது நான் எழுதினது இல்லையா?”

“இல்லை சார்.”

“ஆனா நல்லா இருந்துதே.”

“ரொம்ப நல்லா இருந்தது சார்.”

அறிக்கையை மறுபடி மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு தெளிந்தார்.

“நல்லா இருந்தா அது நான் எழுதினதாத்தான் இருக்கணும். மூலத்துலதான் எங்கயோ பிழை. மூலத்தைத் திருத்திடுவோம்.”

நகலை மூலத்துக்கு ஏற்பத் திருத்தி நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். மூலத்தை நகலுக்கு ஏற்பத் திருத்துகிற துணிவை அன்றுதான் பார்த்தேன். டீச்சர் மூன்று வாரம் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் தாளில் இறக்கினார். பதினேழாம் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு, ஏற்றம் இறக்கம் தயக்கம் எல்லாம் அப்படியே. தலைப்புக்குக் கீழே ‘இசையமைப்பு’ என்று போட்டு இயக்குநரின் பெயர். மாப்பிள்ளைக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நான் நினைத்தேன். இனி அவர் செருப்பை உத்தரவின் பேரிலேயே தேடலாம் அல்லவா.

மாப்பிள்ளை பதினேழாம் பக்கத்தை நிறைய நேரம் பார்த்தார்.

“இனிமே இதை இப்படியேதான் வாசிக்கணுமா சார்?”

“இப்படியேதான்.”

“அது கிடைக்கறதும் கிடைக்காததும்?”

“என்னது?”

“தேடறது சார்.”

இயக்குநர் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார். “கடைசிக் கட்டத்துல கிடைச்சுடுது. போட்டிருக்கு பாருங்க.”

கூடவே ஒரு புது விதியும் வந்தது. எழுத்துப் பாகத்தில் உள்ளது எதையும் சுதந்திரப் பாகத்தில் யாரும் வாசிக்கக் கூடாது. வாசித்தால் அது மீள்வாசிப்பு மட்டும் இல்லை, களவும்கூட. இந்தத் தடவை எழுத்துப் பாகத்தையும் நான் விரல் வைத்துக் கவனிப்பேன் என்று அறிவிக்கப்பட்டது. ஓடுவதற்கு இடமில்லாத கன்றுகளின் முகத்தோடு ஏழு பேரும் வாசித்தார்கள். மாப்பிள்ளை கடைசிக் கட்டத்தில், போட்டிருந்தபடி, செருப்பைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு வந்து “உப்பு” என்றார்.

மூன்றாவது குறி அடுத்த வியாழக்கிழமை விழுந்தது. இயக்குநர் கையை விரித்தார். மற்ற ஆறு பேரும் பட்டியலைப் பார்த்துக் குனிந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பட்டியலைப் பார்க்கவில்லை, நேரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிளாரினெட்டை உதட்டில் வைத்தார். விரல்கள் ஏறின. எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை தடவை கேட்ட செருப்பு. பேக்கரியின் வாளிகளுக்கும் நின்றுபோன லிப்டுக்கும் நடுவில், கடமை தவறாமல் சிவப்புப் பேனாவை எடுத்தேன்: ‘கிளாரினெட். வரிசை எண் நூற்றுப் பதினெட்டு. தெளிவாகக் கேட்டது.’

ஒத்திகை முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு விசாரணை. இப்படி நியாயமாக ஒரு விசாரணை நடந்து நான் பார்த்ததில்லை.

“பதினேழாம் பக்கத்துல என் பேர்ல இருக்கற வரியைச் சுதந்திரப் பாகத்துல வாசிச்சிருக்கீங்க,” என்றார் இயக்குநர். “ஏதாவது சொல்லணுமா?”

மாப்பிள்ளை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “மத்தவங்க சொல்லட்டும் சார்.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன் சார்,” என்றார் ஏணி, தரையைப் பார்த்துக்கொண்டு. “பக்கத்துலதானே நின்னேன்.”

“கேக்காம எப்படி,” என்றார் டீச்சர். “அதை எழுதி இறக்கினதே நான்தான். தூக்கத்துலகூடக் கேக்குது.”

“எனக்கும் கேட்டுது,” என்றார் பேக்கரி. ஊதுகிற மூவரும் தலையாட்டினார்கள்.

“நானும் கேட்டேன்,” என்றார் இயக்குநர். “வாசிச்சதுகூடப் பரவாயில்லை. சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. என் வரியை எடுத்தா ஒழுங்கா எடுக்க வேண்டாமா?”

ஆறு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதாக நான் போட்டேன். மாப்பிள்ளை விடுவிக்கப்பட்டார். அவர் கிளாரினெட்டைத் துடைத்து, துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து, டயர் கடைப் படியில் இறங்கிப் போனார்.

வீட்டில் மகள் எனக்குத் தட்டை வைத்தாள், தண்ணீர் வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளை சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரல் அகலத்தில் சீவின நாணல் துண்டு.

“இது என்ன மாப்பிள்ளை?”

“ரீட் மாமா. கிளாரினெட் வாயில கட்டறது. இது அதிர்ந்தாதான் சத்தம் வரும்.”

“சரி, இது ஏன் பையில இருக்கு?”

“கை விரியறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். அந்த நாலு நிமிஷமும் பையிலதான் இருந்தது. எதை வாசிச்சாலும் யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கு. அதான் ஒண்ணும் வாசிக்கலை. விரலை மட்டும் அசைச்சேன்.”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இதை விசாரணையில சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“எட்டு பேர் இருந்தீங்க மாமா. யாராவது ஒருத்தர் கேக்கலைன்னு சொல்வீங்களான்னு பாத்தேன்.”

“இயக்குநர்கூடவா கவனிக்கலை?”

“அவர் கவனிச்சாரே. சுருதி இறங்கியிருந்ததுன்னு சொன்னாரே.”

இவ்வளவு கூர்மையான செவி படைத்த குழு உலகில் வேறெங்கும் இல்லை என்று நான் எந்த மேடையிலும் சாட்சி சொல்லத் தயார், ஏற்கெனவே சொல்லியும் இருக்கிறேன், கையெழுத்தோடு. இப்போது கிளாரினெட் வாசிக்க ஆள் தேவை என்று டயர் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு என் சார்பில் ஒரு வார்த்தை. கிளாரினெட்டைச் சுமந்துகொண்டு வந்து சிரமப்பட வேண்டாம். கொண்டுவராவிட்டாலும் எங்களுக்குக் கேட்கும்.